ஈரம் காற்றில் இருக்க வேண்டும்: பிட்டோனியா வளர்ப்பு – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே செடியைப் பற்றியவை. வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு நிறங்களில் வலை பின்னியதுபோல் நரம்போடும் இலைகளைக் கொண்ட பிட்டோனியாவை நர்சரியில் பார்த்து ஆசையோடு வாங்கியவர்கள், அது வீட்டில் நிலைக்கவில்லை என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தச் செடிக்கும், அதை வளர்க்க ஏற்ற கண்ணாடி ஜாடித் தோட்டமான டெர்ரேரியத்துக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வரவேற்பறையில் வைத்திருந்த பிட்டோனியாவுக்குத் தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். இரண்டே வாரத்தில் இலை ஓரம் கருகியது, அடித்தண்டு அழுகியது. இதுவரை மூன்று செடிகள் இப்படிப் போய்விட்டன. கண்ணாடி ஜாடிக்குள் வைத்தால் பிழைக்கும் என்கிறார்கள். உண்மையா? எப்படி அமைப்பது? – வாசகி, பெருந்துறை

பதில்: உண்மைதான். ஏன் உண்மை என்பது புரிந்துவிட்டால், எப்படி அமைப்பது என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

பிட்டோனியா தென் அமெரிக்காவின் பெரு, எக்வடோர், கொலம்பியா, பொலிவியா, வட பிரேசில் பகுதிகளின் மழைக்காட்டுத் தரையில் படர்ந்து வளர்வது. பெரிய மரங்களின் நிழலில், காற்றே நனைந்திருக்கும் இடத்தில் பிறந்த செடி அது. நம் கனகாம்பரமும் ஆடாதோடையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அவற்றைப் போல வெயிலையும் காற்றையும் தாங்கிக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. கனகாம்பரம் வெட்டவெளிப் பாத்தியில் நின்று பூக்கிறது. பிட்டோனியாவின் மெல்லிய இலைக்கு அந்தத் திராணி கிடையாது.

நம் கொங்கு நாடோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. மாசியிலிருந்து சித்திரை வரை காற்று காய்ந்து கிடக்கும். அதன்பின் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று ஆடி முடியும்வரை வாசல் கதவை அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்றில் பிட்டோனியாவின் இலை, வேர் உறிஞ்சித் தருவதைவிட வேகமாக நீரை இழந்து தொங்கிப் போகிறது. பார்ப்பவர் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார். மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருக்கும்போது மேலும் ஊற்றினால், வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகுகிறது. இலை ஓரம் கருகியது, தண்டு அழுகியது என்று நீங்கள் எழுதிய இரண்டும் ஒரே சமயத்தில் நிகழ்ந்ததற்குக் காரணம் இதுவே: செடி மேலே வறட்சியிலும் கீழே வெள்ளத்திலும் இருந்திருக்கிறது. அதற்கு வேண்டிய ஈரம் காற்றில் இருக்க வேண்டும். வேரில் அளவாக இருந்தால் போதும். மூடிய ஜாடி செய்வது இதைத்தான்.

ஜாடிக்குப் பெரிய செலவு வேண்டாம். மிட்டாய்க் கடைகளில் வைத்திருக்கும், கை உள்ளே நுழையும் அளவுக்கு வாய் அகன்ற, நான்கைந்து லிட்டர் கொள்ளும் நிறமற்ற கண்ணாடி ஜாடியே நல்லது. நிறமுள்ள கண்ணாடி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, முழுவதும் காயவிடுங்கள்.

அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிய சிறு சரளைக் கற்களைப் பரப்புங்கள். இந்த அடுக்கு இருந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. ஜாடியின் அடியில் ஓட்டை இல்லாததால் வடிந்த நீர் வெளியே போக வழியில்லை. கை தவறிக் கொஞ்சம் கூடிப்போனால், அது வேரைத் தொடாமல் தங்க ஒரு சிறு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடி வழியே பார்க்கும்போது கற்களுக்கிடையே நீர் தேங்கி நின்றால் ஊற்றியது அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம் என்பதே இந்த அடுக்கின் பெரிய பயன். கற்களின் மேல், மண் கீழிறங்காமலிருக்கக் கொசுவலைத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி விரியுங்கள். அதன்மேல் ஒரு கைப்பிடி தேங்காய்த் தொட்டிக்கரியை, அதாவது கொட்டாங்குச்சிக் கரியை, தூளாக்காமல் சிறு துண்டுகளாக உடைத்துத் தூவலாம். காங்கயம் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிதாகக் கிடைக்கும். வாடை வராமலிருக்க ஓரளவு உதவும். இல்லாவிட்டாலும் செடிக்குக் குறையொன்றுமில்லை.

அடுத்தது மண்கலவை. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தோட்டத்துச் செம்மண்ணையோ கரிசலையோ ஜாடிக்குள் போட வேண்டாம். அவை இறுகிவிடும், நூற்புழுவும் பூச்சி முட்டைகளும் கூடவே வரும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவே போதும். ஆனால் அதை வாங்கிய உடனே போட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசிய உப்பும் சோடிய உப்பும் மிகுந்திருக்கும். வெளியே தொட்டியில் வளர்த்தால் மழையும் நீரும் அந்த உப்பைக் கழுவிவிடும். ஜாடிக்குள் போன உப்பு போனதுதான். கட்டியை ஒரு வாளி நீரில் ஊறவைத்து, பிழிந்து, மீண்டும் புது நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் நீர் கடுந்தேநீர் நிறத்தில் வரும். அது வெளிறி வரும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். பிறகு இரண்டு பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு கழுவிய உமிக்கரி அல்லது பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைத் துகள் சேர்த்தால் வேருக்குக் காற்றோட்டம் கிடைக்கும். உமிக்கரிக்குக் காரத்தன்மை உண்டு என்பதால் அதையும் ஒருமுறை அலசுவது நல்லது. மண்புழு உரம் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சிறிய ஜாடிக்குள் செடி மெதுவாக வளர்வதே நமக்கு நல்லது.

ஈரத்தின் அளவை அறிய ஒரு வழி உண்டு. கலவையை உள்ளங்கையில் எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி, ஒழுகினால் அதிகம். அந்த ஈரத்தில் நான்கு விரல் உயரம் நிரப்பி, நடுவில் குழி பறித்துச் செடியை வையுங்கள். நட்டபின் இரண்டு மூன்று கரண்டி நீரைக் கண்ணாடியின் உட்சுவர் வழியே வழியவிட்டு, ஒட்டியிருக்கும் தூசியைக் கழுவிவிட்டால் போதும். பிறகு மூடிவிடலாம். நர்சரிச் செடியை ஜாடிக்குள் விடுவதற்கு முன் ஒரு வாரம் தனியே வைத்து, இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய ஜாடிக்குள் நுழைந்த மாவுப்பூச்சியை விரட்டுவது மிகக் கடினம்.

கேள்வி: இரண்டு மாதமாக டெர்ரேரியம் வைத்திருக்கிறேன். கண்ணாடி முழுவதும் எப்போதும் நீர்த்துளிகள். உள்ளே எதுவும் தெரிவதில்லை. மண்ணின் மேல் வெள்ளையாகப் பஞ்சு போல் ஏதோ படர்கிறது. கீழ் இலைகள் கூழாகி விழுகின்றன. – வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நீர் அதிகம். அச்சப்படத் தேவையில்லை, திருத்திக்கொள்ளலாம்.

ஜாடிக்குள் நடப்பதைக் கண்ணாடியே சொல்லிவிடும், தினமும் காலையில் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும். என் மேசை மீதிருக்கும் ஜாடியில் காலை ஆறரை மணிக்கு ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் ஊசிமுனை அளவு துளிகள் பூத்திருக்கும். எட்டு மணி வாக்கில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக இறங்கும். பத்து மணிக்குள் கண்ணாடி தெளிந்து, இலையின் வெள்ளை நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். நீரின் அளவு சரியாக இருக்கும் ஜாடி இப்படித்தான் நடந்துகொள்ளும். நண்பகலிலும் நான்கு பக்கமும் மூடுபனி விலகவில்லை என்றால் நீர் அதிகம். தொடர்ந்து நான்கைந்து நாள் ஒரு துளிகூடக் கட்டவில்லை என்றால் நீர் போதவில்லை, இரண்டு கரண்டி ஊற்றலாம்.

உங்கள் ஜாடியின் மூடியைத் தினமும் காலையில் மூன்று நான்கு மணி நேரம் திறந்து வையுங்கள். உட்சுவரைச் சுத்தமான துணியால் துடைத்துத் துணியைப் பிழிந்துவிடுங்கள். உள்ளிருக்கும் நீர் அவ்வளவு குறையும். ஒரு வாரத்தில் காலையில் மட்டும் துளி கட்டும் நிலைக்கு வந்துவிடும். கூழான இலைகளை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள், வெள்ளைப் பூசணத்துக்கு அவையே உணவு. மண்ணின் மேல் படர்ந்ததைக் கரண்டியால் சுரண்டி எடுத்தால் போதும், மருந்து எதுவும் தெளிக்க வேண்டாம். புதிதாக அமைத்த ஜாடியில் முதல் மாதத்தில் சிறிது பூசணம் வருவது இயல்பு.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிட்டோனியா தண்ணீர் குறைந்தாலும் தொங்கும். வேர் அழுகினாலும் தொங்கும். முதல் வகையில் தண்டு பச்சையாக, கெட்டியாக இருக்கும். நீர் கிடைத்ததும் செடி எழுந்துவிடும். ஒருமுறை ஊரில் இல்லாதபோது தொட்டியில் வைத்திருந்த செடி ஒன்று, கோணித் துணியைப் போட்டதுபோல் விளிம்பில் சரிந்து கிடந்தது. காலை பத்து மணிக்குத் தண்ணீர் வைத்தேன். பதினொன்றுக்கு இலைக்காம்புகள் வளைவு நிமிர்ந்தன. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. இரண்டாம் வகையில் தண்டின் அடி கருத்து, தொட்டால் வழுக்கும். அங்கே தண்ணீர் வைப்பது கேட்டை விரைவுபடுத்தும். ஆகவே தொங்கும் செடியைக் கண்டதும் செம்பைத் தேடாமல், முதலில் தண்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். அடி அழுகியிருந்தாலும் நுனி கெட்டியாக இருந்தால், இரண்டு கணு இருக்குமாறு நுனியை வெட்டி, கீழ்க் கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். ஜாடியின் ஈரக் காற்றில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

கேள்வி: இலை விளிம்பு பழுப்பாகிறது, மண்ணின் மேலும் கண்ணாடியிலும் வெள்ளைப் பொருக்கு படிகிறது. வீட்டில் சப்பைத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். அதனாலா? – வாசகி, திருப்பூர்

பதில்: அதனால்தான். ஆழ்துளைக் கிணற்றின் சப்பைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளுக்குக் கண்ணாடி ஜாடியை விட்டு வெளியேற வழியே இல்லை. நீர் ஆவியாகித் துளியாகித் திரும்ப மண்ணுக்கே வரும். உப்பு போட்ட இடத்திலேயே தங்கும். நீங்கள் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது கூடிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் அரைமணி நேரம் ஓட்டிலும் மாடியிலும் இருக்கும் அழுக்கு போகவிட்டு, பிறகு விழும் நீரைப் பாத்திரத்தில் பிடித்து வடிகட்டி, கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாட்டிலில் அடைத்து வையுங்கள். ஒரு ஜாடிக்கு ஓராண்டில் அரை லிட்டர்கூடத் தேவைப்படாது. மழைநீர் இல்லாவிட்டால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் போதும். சிறுவாணி நீர் வரும் கோவை வீடுகளில், குளோரின் வாடை போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு அதையே ஊற்றலாம். பொருக்குப் படிந்த உங்கள் மேல்மண்ணை ஒரு விரல் ஆழத்துக்கு எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு மாணவி. மூடி வைத்தால் செடிக்கு மூச்சு முட்டாதா என்று என் அப்பத்தா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதை முதலில் செய்தது யார்? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: அப்பத்தா கேட்டது மிக நல்ல கேள்வி, அவரிடம் என் வணக்கத்தைச் சொல். பகலில் வெளிச்சம் படும்போது செடி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு உயிர்வளியை வெளிவிடுகிறது. செடியும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் இரவும் பகலும் மூச்சுவிட்டு, அந்த உயிர்வளியைப் பயன்படுத்திக் கரியமில வாயுவைத் திருப்பித் தருகின்றன. ஆகவே வெளிச்சம் இருக்கும்வரை ஜாடிக்குள் வாயு தீர்ந்துபோவதில்லை. நீரும் அப்படியே சுற்றி வருகிறது. இருந்தாலும் மாதம் ஒருமுறை மூடியைச் சிறிது நேரம் திறந்து வைப்பதில் தவறில்லை.

இதை உலகறியச் செய்தவர் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு. 1829ஆம் ஆண்டு அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்திருந்தபோது, அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணிச் செடியும் புல்லும் முளைத்து வளர்வதைக் கண்டார். புகையும் கரியும் நிறைந்த அந்த நகரில் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் செத்துக்கொண்டிருந்தன. பாட்டிலுக்குள் இருந்ததோ தழைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் வார்டு பெட்டி என்னும் கண்ணாடிப் பெட்டி. 1833இல் அவர் அனுப்பிய இரண்டு பெட்டிகளில் இருந்த செடிகள் மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து உயிரோடு சிட்னியைச் சென்றடைந்தன.

இதில் நமக்கு அருகில் இருக்கும் ஓர் ஊருக்கும் தொடர்பு உண்டு. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரம் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் தென் அமெரிக்காவிலிருந்து ஊட்டிக்கு வந்தது. 1860இல் ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்த செடிகள் வழியில் செங்கடல் வெப்பத்தில் நலிந்து, கடைசியில் பிழைக்காமல் போயின. எக்வடோரில் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் திரட்டி அனுப்பிய வகையே பிறகு வந்து நீலகிரியில் வேரூன்றியது. கண்ணாடி ஈரத்தைக் காக்கும், ஆனால் வெப்பத்தைத் தடுக்காது. இன்னும் கூட்டவே செய்யும். இந்தப் பாடத்தை அடுத்த கடிதத்துக்கும் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜாடியை வடக்கு ஜன்னலில் வைத்தால் வெயில் படாது என்று படித்து அப்படியே வைத்தேன். வைகாசியில் ஒரே நாளில் செடி வெந்துபோனது. என்ன தவறு? – வாசகர், கரூர்

பதில்: நீங்கள் படித்தது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்காக எழுதியது. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே சாய்ந்திருக்கும். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையை ஒட்டி. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழும். ஐப்பசி முதல் மாசி வரை தெற்கு ஜன்னலில் விழும். ஆகவே இந்தத் திசை என்று ஒன்றை ஆண்டு முழுவதும் நம்ப வேண்டாம். ஜாடியை வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பாருங்கள். தாளின் மேல் கையை நீட்டும்போது விளிம்பு கூர்மையான நிழல் விழுந்தால் அந்த இடம் ஆகாது; மங்கலான நிழல் விழுந்தால் அதுவே சரியான இடம்.

பிட்டோனியாவுக்கு 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை உகந்தது. கோடையில் ஈரோடும் கரூரும் 40 பாகையைத் தொடும்போது, வெயிலில் நிற்கும் மூடிய ஜாடியின் உள்ளே வெளியைவிடச் சூடு ஏறிவிடும். நானும் இப்படி ஒரு ஜாடியை இழந்திருக்கிறேன். ஒரு சித்திரை மாதம் வீடு பெருக்குவதற்காகக் கிழக்குத் திண்ணையில் எடுத்து வைத்தவர்கள் உள்ளே எடுத்துவைக்க மறந்துவிட, பதினொரு மணிக்கு நான் பார்த்தபோது இலைகள் சுண்டிய கீரையைப் போலக் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. ஆறு மாதம் வளர்த்ததற்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் ஜாடியை வீட்டின் உட்புறத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இல்லாத அறையில், தரையை ஒட்டி வையுங்கள். அங்கே வெளிச்சம் போதாவிட்டால் 9 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். வெளிச்சம் குறைந்தால் தண்டு நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி கூடுவதை வைத்து அறிந்துகொள்ளலாம்.

கேள்வி: பிட்டோனியாவோடு சதைப்பற்றுச் செடிகளையும் பாசியையும் சேர்த்து நடலாமா? – வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: சதைப்பற்றுச் செடிகள் வேண்டாம். அவை வறண்ட நிலத்துக்கு உரியவை. மூடிய ஜாடியில் ஒரு மாதத்தில் அழுகும். கடைகளில் இரண்டையும் ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில் நட்டு விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சிறிய இலைப் பெப்பரோமியாவும் குட்டிப் பெரணியும் பொருத்தமானவை.

பாசி அழகு சேர்க்கும், ஈரத்தையும் காக்கும். ஆனால் வால்பாறைக்கோ ஊட்டிக்கோ போய்வரும்போது மரத்திலும் பாறையிலும் இருக்கும் பாசியைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளங்கை அளவு பாசி அங்கே படரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அதற்குள் எத்தனையோ சிற்றுயிர்கள் குடியிருக்கும். காட்டுப்பகுதியில் அப்படி எடுப்பது சட்டப்படியும் குற்றம். கார்த்திகை மழைக்குப் பின் உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பக்கத்தைப் பாருங்கள்; பச்சை வெல்வெட் துணிபோலப் படர்ந்திருக்கும். அதிலிருந்து ரூபாய் நாணயம் அளவு துண்டுகள் நான்கைந்தைச் சுரண்டி எடுத்துக் கழுவி, மண்ணில் அழுத்தி வைத்தாலே பரவிக்கொள்ளும்.

கேள்வி: என் பிட்டோனியாவின் நுனியில் கதிர்போல ஒன்று நீள்கிறது. பூவா? விட்டுவிடலாமா? செடியும் மூடியைத் தொட்டுவிட்டது. – வாசகர், நாமக்கல்

பதில்: பூங்கதிர்தான். சிறிய, வெளிறிய பூக்கள் வரும். பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மூடிய ஜாடியில் வாடிய பூ பூசணத்துக்கு இடம் தரும் என்பதால் கதிரை நகத்தால் கிள்ளிவிடுங்கள். செடியின் வலிமை இலைக்குப் போகும். மூடியைத் தொடும் தண்டுகளையும் மேலிருந்து மூன்றாம் கணுவில் வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரு பக்கமும் கிளைத்து, செடி அடர்த்தியாகும். வெட்டிய நுனிகளை எறிந்துவிட வேண்டாம். மேலே கோபி வாசகருக்குச் சொன்ன முறையில் ஊன்றினால், பெருந்துறை வாசகியைப் போல மூன்று செடிகளை இழந்த அக்கம்பக்கத்தார் யாருக்கேனும் வேர்பிடித்த கன்றாகக் கொடுக்கலாம்.